புது ஆளைத் திட்டினேன், கூடத்தில் அக்கா மகன் கேட்டுக்கொண்டிருந்தான்

குடமுருட்டி | ஞாயிறு, இரவு 11:50

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம், வயது 31, உரக்கடையில் வேலை. 2018-லிருந்து போனில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறேன். 2020 செப்டம்பரில் தடை வந்தது, 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பியது, 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. எல்லாவற்றிலும் கூடவே இருந்தவன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, கீழே வரப்போவது பெருமைப்படுகிற விஷயமும் இல்லை.

நேற்று ராத்திரி நானும் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் ஆடினோம். நாலாவது இடம் காலி. யாரோ ஒரு பையன் தானாக வந்து சேர்ந்தான். எரங்கல் என்ற மேப். மைக்கைத் திறந்தே வைத்திருந்தான், பின்னால் ஏதோ சீரியல் ஓடுகிற சத்தம். தமிழ்ப் பையன், குரல் இன்னும் உடையவில்லை. "அண்ணா இது என்ன, அண்ணா இத எடுக்கலாமா" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். அதுவரை பொறுத்துக்கொண்டோம்.

களம் சுருங்கிச் சுருங்கிக் கடைசி வட்டம். எங்களைச் சேர்த்து மூன்று அணிதான் மிச்சம். ஒரு பாறைக்குப் பின்னால் நாலு பேரும் ஒட்டிக்கொண்டிருந்தோம். இவன் கையெறி குண்டின் பின்னை இழுத்துவிட்டு, எறியத் தெரியாமல் அப்படியே நிற்கிறான். "அண்ணா, இதுல ஏதோ நம்பர் கொறையுது" என்றான். அவ்வளவுதான். நாலு பேரும் காலி.

அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவன் அம்மா வரைக்கும் போனேன். ஒரு நிமிடம் இருக்கும். அவன் "ஸாரிண்ணா" என்று இரண்டு தடவை சொன்னான், அப்புறம் வெளியேறிவிட்டான்.

என் இயர்போனில் ஒரு பக்கம் போய் ஒரு மாதம் ஆகிறது, அதனால் ஸ்பீக்கரில்தான் ஆடுகிறேன். காலாண்டு விடுமுறைக்கு அக்கா வந்திருக்கிறாள், மகனோடு. ஒன்பதாவது படிக்கிறான். கூடத்தில் பாயில் படுத்திருந்தான், தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். காலையில் இட்லி சாப்பிடும்போது சொல்கிறான்: "மாமா, நானும் ஒங்க டீம்ல வரட்டுமான்னு கேக்கலாம்னு இருந்தேன். வேணாம்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் மட்டும்தான் இப்படியா, இல்லை பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருமே இப்படி ஆகிவிட்டோமா?

---

வெட்டாறு_வேங்கை | திங்கள், காலை 7:10

அண்ணே, அம்மாவை இழுத்தது தப்பு. மற்றபடி உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் போன சீசனில் ஏஸ் ரேங்க். எல்லாவற்றுக்கும் மேலே கான்கரர், மொத்தமே 500 பேருக்குத்தான் இடம். ஒரு ஆட்டத்தில் சீக்கிரம் செத்தால் போகிற புள்ளியைத் திரும்ப எடுக்க இரண்டு ஆட்டம் ஒழுங்காக ஆட வேண்டும். எனக்குக் கிடைப்பது ராத்திரி 9 முதல் 11 வரை. விடிகாலை எழுந்து மாட்டைப் பார்க்க வேண்டும், அப்புறம் திருவாரூர் பஸ், காலேஜ். அந்த இரண்டு மணி நேரத்தில் எவனோ ஒருவன் குண்டு எறியப் பழகுவதற்கு நான்தான் கிடைத்தேனா? ட்ரெய்னிங் கிரவுண்டு எதற்கு இருக்கிறது? ரேங்க் போகாத டி.டி.எம். ஆட்டம் எதற்கு இருக்கிறது?

இதனால்தான் "கே.டி. 3-க்கு மேல் இருந்தால் மட்டும் வரவும்" என்று போடுகிறோம். ஒரு சாவுக்கு எத்தனை கொலை என்பதுதான் கே.டி. அதற்கும் திமிர் பிடித்தவன் என்கிறார்கள்.

---

செம்பருத்தி_மன்னை | திங்கள், காலை 8:32

> கே.டி. 3-க்கு மேல் இருந்தால் மட்டும் வரவும்

ஜாதகம் கேட்கிற மாதிரியே இருக்கிறது தம்பி. நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் வேண்டாமா?

---

பழைய_மவுஸ் | திங்கள், பிற்பகல் 1:15

கும்பகோணம். 2006 வாக்கில் மகாமகக் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 15 ரூபாய். போர்டில் "இன்டர்நெட், ஜெராக்ஸ், ரெஸ்யூம்" என்று எழுதியிருக்கும். பிழைப்பு ஓடியதென்னவோ கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி ஆட்டத்தில்தான். சாயங்காலம் நாலரைக்கு மேல் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது.

புதிதாக வருகிறவனை அங்கே யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆறாம் நம்பர் மிஷின்தான் புதுப் பையனுக்கு. அதில் உருண்டை மவுஸ், உள்ளே அழுக்கு சேர்ந்து இடப்பக்கம் திரும்பவே திரும்பாது. முதல் வாரம் டீ வாங்கி வருவது அவன் வேலை. நான் அதைத் தடுத்ததில்லை, இப்போது நினைத்தால் தடுத்திருக்கலாம் என்றிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. பாணாதுறைப் பக்கமிருந்து ஒரு சின்னப் பையன் வந்தான். முதல் நாளே ஃப்ளாஷ் குண்டைச் சுவரில் எறிந்து, அது திரும்பி வந்து வெடித்து, அவன் அணி மொத்தத்துக்கும் கண் வெள்ளையாகிவிட்டது. எதிர் அணி வந்து வரிசையாகச் சுட்டுவிட்டுப் போனது. இரண்டாம் நம்பர் மிஷினில் இருந்தவன், அவன்தான் அப்போது அங்கே ராஜா, "எவன்டா அது" என்று கத்திக்கொண்டே எழுந்தான். தடுப்புப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தான். பையன் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கிறான், யூனிபார்ம்கூட மாற்றவில்லை, கண் கலங்கியிருக்கிறது. இவன் ஒரு நொடி நின்றான். அப்புறம் போய் அவன் கை மேல் கை வைத்து, "சொவத்துல எறியாத, கதவுக்கு மேல எறி, எறிஞ்சதும் நீ திரும்பிக்க" என்று மூன்று தடவை எறிய வைத்தான். அந்தச் சுற்றில் மற்ற எல்லோரும் செத்து, உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

குடமுருட்டி, உங்களிடம் திட்டு வாங்கிய பையனுக்கும் கால் எட்டியிருக்காது. உங்களுக்கு அது தெரிய வழியில்லை.

இன்னொன்று. தெருவில் ஆடும்போது சின்னப் பிள்ளைகளை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? சொல் நல்ல சொல் இல்லை, ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஓடலாம், பிடிக்கலாம், அவுட் ஆனாலும் கணக்கில் வராது. பிள்ளை ஒரு வருடம் அப்படி ஓடிவிட்டு மறு வருடம் சொந்தக் கணக்கில் வந்து நிற்கும். ரேங்க் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி கிடையாது. வந்து நின்ற நொடியிலிருந்து எல்லாம் கணக்கு.

---

மாயவரம்_மிட் | திங்கள், இரவு 8:05

பழைய மவுஸ் அண்ணன் சொன்ன கணக்கை நான் டோட்டாவில் வைத்துப் பார்க்கிறேன். 2013-லிருந்து டோட்டா 2 ஆடுகிறேன், அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு ஹீரோ.

பி.ஜி.எம்.ஐ.யில் புது ஆள் வந்தால் உங்களுக்கு ஒரு ஆள் குறைவு. நாலுக்கு மூன்றாக ஆட வேண்டும், அவ்வளவுதான். டோட்டாவில் புது ஆள் சாகும் ஒவ்வொரு தடவையும் அவனைக் கொன்றவனுக்குத் தங்கமும் அனுபவப் புள்ளியும் போகிறது. அதை வைத்து அவன் ஆயுதம் வாங்கிக்கொண்டு உன்னைக் கொல்ல வருவான். அதாவது புது ஆள் சும்மா இருந்தால் பூஜ்யம், முயற்சி செய்தால் கழித்தல். ஒரு ஆட்டம் 40 நிமிடம் ஓடும், நடுவில் வெளியேறினால் தண்டனை. ஐந்து பேரை ஓர் அறையில் பூட்டி, ஒருவன் எதிரிக்குச் சோறு ஊட்டுவதை மற்ற நாலு பேரும் 40 நிமிடம் பார்த்துக்கொண்டிரு என்றால் என்ன ஆகும்? நூற்றுக்கு மேல் ஹீரோக்கள், ஒவ்வொருவனுக்கும் குறைந்தது நாலு வித்தை. இதைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் யாரும் வரவே முடியாது.

இதற்கு நடுவில் ஸ்மர்ஃப் என்று ஒரு ஜாதி. நன்றாக ஆடத் தெரிந்தவன் புதுக் கணக்குத் தொடங்கி, கத்துக்குட்டிகள் நடுவில் இறங்கி அறுவடை செய்வான். 2023 செப்டம்பரில் டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளைத் தடை செய்தது. என் பார்வையில் திட்டுகிறவனைவிட இவன் மோசம். திட்டுகிறவனாவது தன் நிலையில் நின்று திட்டுகிறான்.

(நானும் 2016-ல் இரண்டு மாதம் ஸ்மர்ஃப் கணக்கு வைத்திருந்தேன். எழுதிவிடுவது நல்லது, இங்கே ஒருத்தனுக்கு அது தெரியும்.)

---

செம்பருத்தி_மன்னை | திங்கள், இரவு 9:40

விளையாட்டை விட்டு வயலுக்கு வருகிறேன். இழை திசை மாறினால் மன்னிக்கவும்.

அம்மா நடவுக்குப் போகிறவர். பிளஸ் டூ முடித்த வருடம் நானும் இரண்டு நாள் போனேன், போன் வாங்கக் காசு சேர்க்க. வரிசையில் நிற்கும்போது புது ஆளை ஓரத்தில் விட மாட்டார்கள். கை பழகிய இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துவார்கள். எல்லோரும் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நட வேண்டும், நான் பின்தங்கினால் எல்லோருக்கும் நடுவில் ஒரு மேடு மாதிரி நின்றுவிடுவேன். இடப்பக்கம் நின்ற பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் நாலு குத்துச் சேர்த்து நட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். வலப்பக்கத்து அத்தை வாயில் வெற்றிலையோடு, "நாத்த ஆழமா அமுக்காத, ரெண்டு வெரல் போதும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மதியத்துக்குள் ஓரளவு பிடிபட்டுவிட்டது. இடுப்புதான் மூன்று நாள் நிமிரவில்லை.

அதே நான் பி.ஜி.எம்.ஐ.யில் முதல் வாரம் கேட்டது வேறு மாதிரி. மைக்கைத் திறந்தால் "பொண்ணா?" என்று ஆரம்பித்து, ஒருவன் நம்பர் கேட்பான், ஒருவன் "போய் சமையல் பண்ணு" என்பான். மூன்றாமவன் இன்னும் தொல்லை, "கவலப்படாதீங்க சிஸ்டர், நான் கேரி பண்றேன்" என்று எனக்கு முன்னாலேயே ஓடி ஓடி எல்லோரையும் சுட்டு, ஒரு தோட்டாகூட எனக்கு மிச்சம் வைக்க மாட்டான். நான் இப்போது மைக்கே திறப்பதில்லை.

வயலில் இடம் கொடுத்த மாதிரி விளையாட்டில் ஏன் கொடுக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

---

வெட்டாறு_வேங்கை | திங்கள், இரவு 10:20

அக்கா, நடவில் நீங்கள் எத்தனை குத்து நட்டாலும் கூலி எல்லோருக்கும் ஒன்றுதானே? நீங்கள் மெதுவாக நட்டதால் பெரியம்மாவுக்கு ஐந்து பைசா குறையவில்லை. கஷ்டம் மிராசுதாருக்கு. அவர் கூலியிலிருந்து பிடித்திருந்தால் பெரியம்மா என்ன செய்திருப்பார்?

---

செம்பருத்தி_மன்னை | திங்கள், இரவு 11:02

இதற்குப் பதில் எழுதுவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். தூங்கப் போனவரை எழுப்பித்தான் கேட்டேன்.

நீ சொல்வது சரிதான். நாள் கூலி நடவுக்கு என்னை அழைத்துப் போனார். ஒப்பந்த நடவு என்று உண்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரு கும்பலாக எடுத்து, முடித்ததும் பங்கு பிரிப்பார்கள். அதற்கு என்னை அம்மாவே கூப்பிடவில்லை. "அதுக்கு எப்புடிடி ஒன்னக் கூட்டிட்டுப் போறது, எல்லாரும் மொகத்த மொகத்தப் பாப்பாளுவ" என்கிறார். அதே பெரியம்மாதான் அந்தக் கும்பலிலும் போவார்.

ஆக, ரேங்க் ஆட்டம் ஒப்பந்த நடவு. புதுப் பெண்ணை அதில் இறக்கிவிட்டுப் பெரியம்மா நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில் அர்த்தம் இல்லை போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. முகத்தை முகத்தைப் பார்ப்பார்களே தவிர, யாரும் என் அம்மாவைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அம்மா அங்கேயே நின்றிருப்பார் இல்லையா.

---

மாயவரம்_மிட் | திங்கள், இரவு 11:09

ஒப்பந்த நடவு. இதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆபீஸில் பயன்படும்.

---

சும்மா_ஒருத்தன் | செவ்வாய், காலை 6:30

போனைக் கீழே வைத்துவிட்டு சாயங்காலம் கபடி ஆடப் போங்கடா. எங்கள் காலத்தில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

---

பழைய_மவுஸ் | செவ்வாய், காலை 6:58

உங்கள் காலத்து ஆள்தான் நானும். கபடியில் புதுப் பையனை முதல் ரைடுக்கு அனுப்பிவிட்டு, ஏழு பேரும் சேர்ந்து அமுக்கி மூச்சு முட்ட வைத்ததெல்லாம் மறந்துபோயிற்றா? எனக்கு இடது தோள்பட்டை மழை வந்தால் இன்னும் சொல்லும்.

---

நெறியாளர் | செவ்வாய், காலை 7:15

போனா கபடியா என்ற பட்டிமன்றத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே புது ஆள் விஷயம் மட்டும்.

---

அலையாத்தி | செவ்வாய், மாலை 6:45

முத்துப்பேட்டைக்காரன், எட்டு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. இங்கே அறை நண்பன் ஒருவன் மூலம் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் ஆட்டம் பிடித்துக்கொண்டது. அங்கே இந்த ஒப்பந்த நடவுப் பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள்.

புதிதாக வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தளிர் முளைத்திருக்கும். பார்த்ததுமே தெரியும், இவர் கத்துக்குட்டி என்று. பழையவர்களில் தகுதி உள்ளவர்கள் விரும்பினால் வழிகாட்டியாகப் பதிந்து ஒரு கிரீடக் குறி வைத்துக்கொள்ளலாம். முக்கியமான சங்கதி இதுதான்: ஒரு குகைக்கு நாலு பேராகப் போகிறோம், அதில் ஒருவருக்கு அந்த இடம் முதல் தடவை என்றால், முடித்ததும் எல்லோருக்கும் கூடுதல் பரிசு. உள்ளே நுழைந்ததுமே "உங்களில் ஒருவருக்கு இது புது இடம், அதனால் போனஸ் உண்டு" என்று திரையில் வரும்.

நான் முதல் தடவை போனபோது அந்த அறிவிப்பைப் பார்த்து நெஞ்சு படபடத்தது, காட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று. என்ன நடந்தது தெரியுமா? மற்ற மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் ஜப்பானிய மொழியில் ஏதோ எழுதினார், புரியவில்லை, கூடவே கும்பிடு போட்டார். நான் இரண்டு தடவை நெருப்பில் நின்று செத்தேன், இரண்டு தடவையும் எழுப்பிவிட்டார்கள்.

அவர்கள் நம்மைவிட நல்ல மனிதர்கள் என்று நான் நினைக்கவில்லை. பரிசு அந்தப் பக்கம் இருந்தது. அதே ஆட்கள் கடினமான சண்டைகளுக்கு ஆள் சேர்க்கும்போது அனுபவம் உள்ளவர்கள் மட்டும் வரவும் என்று போட்டுவிட்டுக் கறாராக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். எல்லாக் கிரீடமும் யோக்கியமும் இல்லை, அலங்காரத்துக்கு வைத்திருக்கிறவர்கள் நிறைய.

விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைன் 2003-ல் வந்தது. ஆட்டக்காரனுக்கு ஆட்டக்காரன் குழி பறிப்பதுதான் அங்கே பிழைப்பு. அதிலும் அடுத்த வருடமே ஆட்டக்காரர்கள் சிலர் கூடி ஈவ் யுனிவர்சிட்டி என்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார்கள். புது ஆட்களுக்கு வகுப்பு எடுப்பது, கப்பல் கொடுத்துப் பழக்குவது. இன்றைக்கும் நடக்கிறது.

---

மாயவரம்_மிட் | செவ்வாய், இரவு 8:30

குடமுருட்டி "நான் மட்டும்தானா" என்று கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டோட்டா மாதிரியே இன்னொரு ஆட்டமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸை நடத்தும் ரயட் நிறுவனம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தங்கள் ஆட்டக்காரர்களின் வசவுகளை எடுத்து ஆராய்ந்தது. எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான். மொத்த வசவில் பெரும்பங்கு மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள் வெடிக்கிற சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. அதனால் கெட்டவனைத் தேடித் தடை செய்தால் மட்டும் போதாது என்று, எதிர் அணியோடு பேசும் அரட்டையை முதலிலேயே அணைத்துவைத்துப் பார்த்தார்கள். வேண்டும் என்கிறவர் அமைப்பில் போய் இயக்கிக்கொள்ளலாம். நிறையப் பேர் இயக்கிக்கொண்டார்கள், ஆனாலும் வசவு குறைந்தது.

ஒரு பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது போல.

நீங்கள் அந்தச் சாதாரண ஆள் கூட்டத்தில் ஒருவர். ஆறுதலா, பயமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

வெட்டாறு_வேங்கை | புதன், மதியம் 12:40

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பில்.

நான் 2021-ல் ஆரம்பித்தவன். அப்பா போன், 2 ஜி.பி. ராம். நாலு பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டால் படம் உறைந்துவிடும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? கூட வருகிறவர்கள் எல்லாம் ஹிந்தி. "பாய் கவர் தே, கவர் தே" என்று கத்துவார்கள், எதிரியைச் சுட்டு எங்களைக் காப்பாற்று என்று அர்த்தம். கவர் என்றால் பாலிதீன் கவர் என்று நினைத்துக்கொண்டு பையில் தேடினேன், சத்தியமாக. மதராசி என்று சிரித்துவிட்டு வெளியே தள்ளினார்கள். எத்தனை தடவை என்று கணக்கு இல்லை.

ஒரே ஒரு ஆள். பெயர்கூட ஏதோ குறியீடுகளாக இருந்தது. நான் கையில் ஏ.கே.எம். வைத்துக்கொண்டு, பையில் இருநூறு 5.56 தோட்டா சேர்த்து வைத்திருந்தேன். அந்தத் துப்பாக்கிக்கு 7.62 தான் போகும், எனக்குத் தெரியாது, சுட வரவில்லை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த ஆள் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். 7.62 தோட்டா 60 கீழே போட்டார். அதன் மேல் நின்று குதித்தார், குதித்தார், நான் எடுக்கும் வரைக்கும் குதித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் 5.56 எல்லாவற்றையும் தான் எடுத்துக்கொண்டு ஓடிப்போனார். எந்த பாஷை என்றுகூடத் தெரியாது, மைக் திறக்கவே இல்லை.

அன்றைக்கு அவருக்கும் ரேங்க் இருந்திருக்கும்தானே. அதை நினைத்தால் நான் முதலில் எழுதியது கொஞ்சம் உறுத்துகிறது. கொஞ்சம்தான்.

குடமுருட்டி அண்ணே, பையனை உங்கள் ஐ.டி. கூடச் சேர்த்து நேராக ரேங்க் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். தனியாக ஆடினால் முதலில் அவன் எதிரில் வருகிறவர்களில் நிறையப் பேர் பாட், அதாவது கம்ப்யூட்டரே ஆடுகிற ஆள், மெதுவாகச் சுடும், நேராக நிற்கும். உங்களோடு சேர்ந்தால் உங்கள் நிலைக்குத் தகுந்த ஆட்கள் எதிரில் வருவார்கள். நீச்சல் தெரியாதவனைக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்த அன்றைக்கு இறக்குகிற மாதிரி. டி.டி.எம்.மில் வேர்ஹவுஸ் மேப் போடுங்கள். செத்தாலும் உடனே எழுந்து வரலாம், முதலில் 40 கொலை எடுக்கிற அணி ஜெயிக்கும், ரேங்க்குக்குச் சேதாரம் இல்லை. பழைய மவுஸ் அண்ணன் சொன்ன அந்த ஒப்புக்குச் சப்பாணி அங்கேதான் இருக்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வையுங்கள், போனைச் சாய்த்துக் குறிபார்க்கிற ஜைரோ இப்போது வேண்டாம்.

18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் விடும், வீட்டில் பெரியவர்கள் சம்மதமும் வேண்டும். அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

செம்பருத்தி_மன்னை | புதன், மதியம் 1:05

பாலிதீன் கவர்!! பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவனுக்கும் நாலு பேரை மிச்சம் வையுங்கள். எல்லோரையும் நீங்களே சுட்டுவிட்டு "பாத்தியாடா, இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்.

---

அலையாத்தி | புதன், இரவு 9:15

அந்தக் குண்டுப் பையனைத் தேடிப் பார்த்தீர்களா? சமீபத்தில் கூட ஆடியவர்கள் பட்டியலில் பெயர் இருக்குமே.

---

குடமுருட்டி | வெள்ளி, இரவு 10:30

எல்லோருக்கும் சேர்த்துப் பதில். கடையில் யூரியா லோடு வந்திருந்தது, சம்பா நடவு நேரம், தலை நிமிரவில்லை.

அலையாத்தி கேட்டது: தேடினேன், பெயர் இருந்தது. நட்பு அழைப்பு அனுப்பினேன், ஏற்கவில்லை. ஏற்காததுதான் நியாயம். நானாக இருந்தாலும் ஏற்றிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை அக்காவிடம் கேட்டேன். "ஒரு மணி நேரம், எட்டு மணியோட எடுத்து வச்சுடணும்" என்றாள். பையனிடம் போனால் முதலில் "வேணாம் மாமா" என்றான். டி.டி.எம்., செத்தால் உடனே உயிர் வரும் என்றதும் கொஞ்சம் யோசித்தான். உட்கார்ந்தோம்.

முதல் ஆட்டத்தில் 0 கொலை, 14 சாவு. பெட்டியைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக நடக்கிறான், முதுகைத் திறந்துபோட்டு. என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "டேய்" என்று ஆரம்பித்துவிட்டேன், அவன் கை அப்படியே நின்றுவிட்டது. போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். "டேய்... தோட்டா ரொப்பிக்க" என்று முடித்தேன். வேறு என்ன சொல்வது.

மூன்றாவது ஆட்டத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டு இரண்டு பேரை எடுத்தான். அதிலும் ஒருவன் என்னை மூன்று தடவை கொன்றவன். சத்தம் போட்டுக் குதித்ததில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அதற்கு அப்புறம் பையன்களோடு ரேங்க் ஆடினேன், நாலாவதாக ஒருவன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். வாய்க்குள்ளேயே என்னென்னவோ சொன்னேன்.

---

வெட்டாறு_வேங்கை | வெள்ளி, இரவு 10:48

அதெல்லாம் சொல்லலாம், மைக்கை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான்.

நாளைக்கு ஏழு மணிக்கு ரூம் போடுகிறேன், டி.டி.எம். பையனைக் கூட்டி வாருங்கள். செம்பருத்தி அக்காவும் வரலாம். கே.டி. கேட்க மாட்டேன்.

---

செம்பருத்தி_மன்னை | வெள்ளி, இரவு 10:55

நாளைக்கு எங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள், பார்ப்போம். வந்தால் மைக் திறக்கிறேன்.

---

பழைய_மவுஸ் | சனி, காலை 6:20

குடமுருட்டி, கும்பகோணம் வந்தால் சொல்லுங்கள். தெரிந்த கடையில் நல்ல இயர்போன் 300 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன். எத்தனை நாள்தான் ஸ்பீக்கரில் ஆடுவீர்கள்.

---

குடமுருட்டி | சனி, காலை 9:05

வேண்டாம் அண்ணே. ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். அக்கா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.